கூப்பிடு தூரம்

கொல்லிமலையில யாரையாவது நிறுத்தி "அந்த ஊருக்கு எவ்வளவு தூரங்க?"ன்னு கேட்டுப் பாருங்க. கிலோமீட்டர்ல பதில் வராது. "இந்தா, கூப்பிடு தூரந்தான்"னு ஒருத்தர் சொல்வார். "கீழ இறங்கி, சுத்தி, மேல ஏறணும், பாதை ரொம்ப நீளம்"னு இன்னொருத்தர். "நீங்க நடந்தா ஒண்ணரை மணி நேரம், நான் நடந்தா முக்கால் மணி"ன்னு மூணாவது ஆள். கீழே இருந்து வர்றவங்களுக்கு இது சிரிப்பா இருக்கும். மலைக்காரனுக்குக் கிலோமீட்டர் தெரியலைன்னு நினைச்சுக்குவாங்க. அப்படி இல்லைங்க. மூணு பேரும் மூணு வேற வேற விஷயத்தை அளந்து சொல்றாங்க. மூணுக்கும் பாடப்புத்தகத்துல தனித்தனிப் பேரே இருக்கு.

என் மக ஏழாவது படிக்குது. அதோட அறிவியல் புத்தகத்துல "விசையும் இயக்கமும்"னு ஒரு பாடம். தொலைவு, இடப்பெயர்ச்சி, வேகம், திசைவேகம், முடுக்கம்னு வரிசையா வரும். சாயங்காலம் காபிக்கொட்டை காயப்போட்ட களத்து ஓரத்துல உக்காந்து மனப்பாடம் பண்ணிட்டு இருந்துச்சு. திடீர்னு தலையைத் தூக்கி, "அப்பா, இடப்பெயர்ச்சின்னா சனிப்பெயர்ச்சி மாதிரியாப்பா?"ன்னு கேட்டுச்சு. எங்கம்மா திண்ணையில இருந்து "அது ரெண்டரை வருசத்துக்கு ஒருக்கா வரும் சாமி"ன்னு பதில் சொன்னாங்க.

நான் வேளாண்மை பாக்குற ஆளு. வாத்தியார் இல்ல. ஆனா இந்தப் பாடத்தைச் சொல்லிக்கொடுக்க எங்க மலையை விட நல்ல இடம் கிடைக்காதுன்னு அன்னைக்குத் தோணுச்சு. "பாப்பா, நம்ம மலை ரோட்டை நோட்டுல வரைஞ்சு பாரு"ன்னேன்.

காரவள்ளி அடிவாரம். அங்க இருந்து சோளக்காடு வர்றதுக்குள்ள 70 கொண்டை ஊசி வளைவு. தெரியாதவங்களுக்காகச் சொல்றேன், கொண்டை ஊசின்னா பொம்பளைங்க கொண்டையில குத்துற அந்த ஊசிதான். போன திசையிலயே ரோடு திரும்பி வரும். மேற்க பாத்து ஏறுன வண்டி வளைவு முடிஞ்சதும் கிழக்க பாத்து நிக்கும். அடுத்த வளைவுல மறுபடி மேற்க. மேலே வந்து நின்னு கீழே பாத்தா காரவள்ளி பக்கத்துலயே கிடக்கிற மாதிரி இருக்கும், ஒரு கல்லை விட்டெறிஞ்சா விழுந்துரும் போல. அந்த நேர்கோடு, கீழேயிருந்து மேலே, இன்ன திசையில இவ்வளவுன்னு சொல்றது இடப்பெயர்ச்சி. வளைஞ்சு வளைஞ்சு வண்டி ஓடி வந்த மொத்த நீளம் தொலைவு. நேர்கோடு ரோட்டுல பாதிகூட இருக்காது. இதுல இன்னொண்ணும் இருக்கு. தரையில பக்கவாட்டுல நகர்ந்தது மட்டும் இடப்பெயர்ச்சி இல்ல, மேலே ஏறுனதும் அதுல சேத்தி. அடிவாரத்துக்கும் மேலுக்கும் ஏறக்குறைய 900 மீட்டர் வித்தியாசம். பேப்பர்ல வரைஞ்ச படத்துல அது தெரியாது. முட்டிக்குத் தெரியும்.

மக கேட்டுச்சு, "தொலைவும் இடப்பெயர்ச்சியும் எப்பவாச்சும் ஒண்ணா இருக்குமாப்பா?" நேராப் போனா, திரும்பாமப் போனா ஒண்ணா இருக்கும். இந்த மலையில நேராப் போனது எனக்குத் தெரிஞ்சு ஒண்ணே ஒண்ணுதான், வல்வில் ஓரி விட்ட அம்பு. யானை, புலி, மான், பன்னி, கடைசியா புத்துக்குள்ள இருந்த உடும்பு வரைக்கும் ஒரே அம்பு துளைச்சுட்டுப் போச்சுன்னு புறநானூறு 152-ல வன்பரணர் பாடியிருக்கார். நிஜமா நடந்துச்சோ புலவர் வாக்கோ, அந்த அம்புக்குத் தொலைவும் இடப்பெயர்ச்சியும் ஒண்ணேதான். ஆடி 17, 18 ஓரி விழாவுக்குச் செம்மேடு வர்றவங்க அங்க இருக்கற ஓரி சிலையைப் பாக்கறப்ப இதையும் நினைச்சுக்குங்க. காரவள்ளி வழியா அந்த விழாவுக்கு வர்ற நீங்க 70 வளைவு சுத்தித்தான் வரணும்.

இந்த இடத்துல மக ஒரு கணக்கு போட்டுச்சு. எனக்கு அது கொஞ்சம் வலிச்சுது. வீட்ல கிளம்பி வீட்டுக்கே திரும்பி வந்துட்டா இடப்பெயர்ச்சி பூஜ்யம். அப்ப என் அப்பாயி?

ரோடு வர்றதுக்கு முந்தி அப்பாயி தலைச்சுமையாத்தான் கீழே கொண்டு போவாங்களாம். மிளகு, அன்னாசி, பலாச்சுளை, சாமை. விடியக்காலம் கோழி கூப்பிடறதுக்கு முந்தி கிளம்பி, ஒத்தையடிப் பாதையில காட்டு வழியா இறங்கி, சந்தையில வித்து, உப்பும் மண்ணெண்ணெயும் துணியும் வாங்கித் தலையில வச்சு, திரும்ப ஏறி, ராத்திரி வீடு வந்து சேருவாங்க. வருசக்கணக்கா அப்படி. புத்தகக் கணக்குப்படி ஒவ்வொரு சந்தை நாளும் இடப்பெயர்ச்சி பூஜ்யம். இடப்பெயர்ச்சியை நேரத்தால வகுத்தாத்தான் சராசரி திசைவேகம், அதனால அதுவும் பூஜ்யம். கழுத்து நரம்பு புடைச்சு, குதிகால் வெடிச்சு, கடைசியில கணக்குல ஒண்ணுமில்ல.

கணக்கு தப்பில்லைங்க. இடப்பெயர்ச்சி கேக்கற கேள்வி வேற. "எங்க இருந்த, இப்ப எங்க இருக்க?" அவ்வளவுதான் அதோட கேள்வி. நடுவுல என்ன பாடுபட்டன்னு அது கேக்கறதில்ல. அதைத் தொலைவு கேக்கும், நேரம் கேக்கும். எந்த அளவுகோலை யார் கையில எடுக்கறாங்கங்கறதுலதான் விவகாரமே இருக்கு. இதை ஏன் சொல்றேன்னு கீழே வரும்.

அதுக்கு முன்னாடி லாரி கதை. எங்க பக்கம் இப்ப சாமை, தினை விதைச்ச காடெல்லாம் பாதிக்கு மேல மரவள்ளிதான். புடுங்குன கிழங்கு காத்திருக்காது. நாள் ஆக ஆக மாவுச்சத்து இறங்கும். சேகோ ஆலையில பாயிண்ட் பாத்துத்தான் ரேட்டு. ஒரு பாயிண்ட் இறங்குனா மூட்டைக்கு இவ்வளவுன்னு கழிஞ்சிரும். அதனால எங்களுக்கு வேகம்னா சும்மா பேச்சில்ல, காசு.

கணக்குக்காக மலை ரோடு 20 கிலோமீட்டர்னு வச்சுக்குவோம். லோடு ஏத்துன லாரி மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்துல இறங்குது. 80 நிமிஷம். இறக்கி வச்சுட்டு காலி வண்டியா 30-ல ஏறுது. 40 நிமிஷம். சராசரி வேகம் என்னன்னு மகளைக் கேட்டேன். "15-ம் 30-ம் கூட்டி ரெண்டால வகுத்தா இருபத்திரெண்டரை"ன்னுச்சு. எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. ஆனா மொத்தத் தொலைவு 40, மொத்த நேரம் 2 மணி. 20 தான் வரும். ஏன்னா மெதுவாப் போற பாதியில வண்டி ரெண்டு மடங்கு நேரம் இருக்கு. நேரத்தைத் தின்னது அந்தப் பாதிதான். சரி, ஏறும்போது டிரைவர் அவசரப்பட்டு 30-ஐ 40 ஆக்குறார்னு வைங்க. மிச்சம் எவ்வளவு? பத்து நிமிஷம். அந்தப் பத்து நிமிஷத்துக்காகத்தான் வளைவுல உயிரைப் பணயம் வைக்கிறது. அதே ஆலை வாசல்ல வரிசையில நின்னு நாம தொலைக்கிறது அரை நாளு.

வளைவு விஷயம் புத்தகத்துல "திசைவேகம்"னு வர்ற இடத்துல இருக்கு. வேகத்துக்குத் திசை கிடையாது, திசைவேகத்துக்கு உண்டு. அவ்வளவுதான் வித்தியாசம்னு ஒரு வரியில படிச்சுட்டுப் போயிருவோம். லாரி பின்னாடி மூட்டை மேல ஒருநாள் உக்காந்து இறங்கிப் பாருங்க, அந்த ஒரு வரி எவ்வளவு பெருசுன்னு தெரியும். டிரைவர் கெட்டிக்காரர், வளைவுல மீட்டர் முள்ளை 20-லயே பிடிச்சு வச்சிருக்கார். வேகம் மாறவே இல்ல. ஆனா கிழக்க 20-ல போன வண்டி வளைவு முடிஞ்சு மேற்க 20-ல போகுது. கிழக்க இருந்த 20-ஐ அழிக்கணும், மேற்க ஒரு 20-ஐ உண்டாக்கணும். திசைவேகத்துல மாறுனது 40. முள்ளு அசையல, ஆனா மாற்றம் 40. திசைவேகம் மாறுனாலே அது முடுக்கம். முடுக்கம்னா ஆக்சிலேட்டர் மிதிக்கறது மட்டுந்தான்னு நினைக்காதீங்க.

மூட்டை வெளிப்பக்கமாச் சாயுறதும் இதனாலதான். அதை யாரும் தள்ளலை. அது பாட்டுக்கு முன்ன போன திசையிலயே நேராப் போகப் பாக்குது. லாரிதான் அதுக்குக் கீழேயிருந்து திரும்பிப் போகுது. கயிறும் பக்கப்பலகையும் மூட்டையை இழுத்துத் திருப்பணும். எவ்வளவு இழுக்கணும்? வளைவோட ஆரம் 10 மீட்டர்னு வைங்க. 20 கிலோமீட்டர் வேகத்துல 50 கிலோ மூட்டைக்கு ஏறக்குறைய 16 கிலோ எடையளவுக்கு இழுப்பு வேணும். அதே வளைவுல 30-ல வந்தா 35 கிலோவுக்கு மேல. வேகம் ஒண்ணரை மடங்குதான் கூடுச்சு, இழுப்பு ரெண்டேகால் மடங்கு ஆயிருச்சு. வேகத்தை வேகத்தாலயே பெருக்கி வர்ற கணக்கு இது. மூட்டைக்கே இப்படின்னா, உச்சாணி வரைக்கும் லோடு அடுக்குன லாரிக்கு என்ன ஆகும்னு நினைச்சுக்குங்க. டயரு வழுக்கும், இல்லாட்டி வண்டி கவுரும்.

சனி ஞாயிறுல பெரிய பெரிய பைக்குல வர்ற தம்பிங்களுக்கு இந்தப் பத்தியை அனுப்பி வைங்க. 70 வளைவை இத்தனை நிமிஷத்துல ஏறுனேன்னு வீடியோ போடறாங்க. ஏறுற வண்டிக்கு இறங்குற வண்டி வழி விடணும்ங்கறது மலை ரோட்டு முறை. அந்த முறையைத் தெரியாதவன் எவ்வளவு வேகமா வந்தாலும் எங்களுக்கு ஒண்ணுதான்.

இறங்குறதுல இன்னொரு சங்கதி. லோடோட 10 டன் இருக்கற லாரி 900 மீட்டர் கீழே இறங்குனா, அந்த உயரத்துல இருந்த சக்தி எல்லாம் எங்கயாவது போயாகணும். வேகமா மாறவிட்டா வண்டி நம்ம கையில இருக்காது. அதனால பிரேக்குலயும் என்ஜின்லயும் சூடா மாத்துறோம். அந்தச் சூடு 300 லிட்டர் தண்ணியை, அதாவது ஒண்ணரை டிரம் தண்ணியைக் கொதி நிலைக்குக் கொண்டு வரப் போதும். இத்தனையையும் பிரேக் மேலயே போட்டா லைனிங் கருகி வாசம் வரும், அப்புறம் மிதிச்சாலும் பிடிக்காது. அதுக்குத்தான் ஏறுன கியர்லயே இறங்கணும்னு பழைய டிரைவருங்க சொல்றது. நியூட்ரல்ல விட்டு டீசல் மிச்சம் பிடிக்கற ஆளு வண்டியில நான் ஏறவே மாட்டேன்.

இப்ப கூப்பிடு தூரத்துக்கு வர்றேன்.

எங்க குக்கிராமம் ஓடைக்கு இந்தப் பக்கம். பள்ளிக்கூடம், ரேஷன் கடை, பஸ் நிக்கற இடம் எல்லாம் அந்தப் பக்கம். எங்க வீட்டு வாசல்ல நின்னு சத்தம் போட்டா பள்ளிக்கூடத்துக்காரங்களுக்குக் கேக்கும். நேர்கோட்டுல 400 மீட்டர்தான். சத்தம் ஒரு செகண்டுல சுமார் 340 மீட்டர் போகும், அப்ப என் குரல் போய்ச் சேர ஒரு செகண்டு சொச்சம். குரலுக்கு ஓடையும் இல்ல, பள்ளமும் இல்ல. "கூப்பிடு தூரம்"னு நம்ம பெரியவங்க சொன்னது அச்சு அசல் இடப்பெயர்ச்சிதான். நேரா, நடுவுல எது இருந்தாலும் கணக்குல எடுக்காம அளக்கறது.

ஆனா குரல் பள்ளிக்கூடம் போய் என்ன பண்ண? பிள்ளைங்கதான் போகணும். வெயில் காலத்துல ஓடையில இறங்கி, கல்லு மேல தாண்டி, அந்தப் பக்கம் ஏறுனா 600 மீட்டர். பத்து நிமிஷம். மழை புடிச்சுட்டா கல்லு முங்கிரும். ஐப்பசி கார்த்திகையில எத்தனையோ நாள் ஓடை செங்காவி நிறத்துல இரைஞ்சுகிட்டு ஓடும். அப்ப மேல இருக்கற சிறு பாலம் வரைக்கும் போய், தார் ரோட்டுல சுத்தி வரணும். நான் வண்டி மீட்டர்ல அளந்தேன், 3.2 கிலோமீட்டர். புள்ளைங்க மணிக்கு 4 கிலோமீட்டர் நடக்கும்னா 48 நிமிஷம். 48 நிமிஷத்துல 400 மீட்டர் இடப்பெயர்ச்சி, அப்ப சராசரி திசைவேகம் மணிக்கு அரை கிலோமீட்டர். ஆமையை விடக் கொஞ்சம் தேவலை. ஆனா நடக்கற புள்ளை வேகத்துல குறை ஒண்ணுமே இல்ல, நல்லாத்தான் நடக்குது.

எங்க குக்கிராமத்துல இருந்து 14 பிள்ளைங்க போகுது. மழை நாள்ல பாதிப் பேரு போறதில்ல. மீதிப் பேருல பெரிய பசங்க யாருக்கும் தெரியாம ஓடையிலயே இறங்கிருவானுங்க. அதுதான் எங்களுக்கு ராத்திரித் தூக்கம் வராத விஷயம். 48 நிமிஷத்துக்கும் பத்து நிமிஷத்துக்கும் நடுவுல ஒரு பன்னெண்டு வயசுப் பையன் எதைத் தேர்ந்தெடுப்பான்னு உங்களுக்கே தெரியும்.

நடைபாலம் ஒண்ணு கேட்டு ஒரு ஆபீசுக்குப் போனோம். எந்த ஆபீசுன்னு வேண்டாம். அங்க இருந்தவர் மரியாதையாத்தான் பேசுனார். கம்ப்யூட்டர்ல மேப்பைத் திறந்து, எங்க ஊர் மேல ஒரு புள்ளி, பள்ளிக்கூடத்து மேல ஒரு புள்ளி வச்சு, "400 மீட்டர்தானேங்க காட்டுது, இதுக்கு எதுக்குப் பாலம்?"னு கேட்டார். என் கூட வந்த மச்சான் பேச ஆரம்பிக்கறதுக்குள்ள நான் கையைப் பிடிச்சுட்டேன். அவர் சொன்ன எண் தப்பில்ல. அவர் அளந்தது இடப்பெயர்ச்சி. புள்ளைங்க நடக்கறது தொலைவு.

திரும்பி வந்து சட்டத்தைப் படிச்சேன். 2009 கல்வி உரிமைச் சட்டத்துக்கு 2010-ல மத்திய அரசு போட்ட விதிகள்ல, ஒண்ணுல இருந்து அஞ்சாவது வரைக்கும் 1 கிலோமீட்டர், ஆறுல இருந்து எட்டு வரைக்கும் 3 கிலோமீட்டர் எல்லைக்குள்ள பள்ளிக்கூடம் இருக்கணும்னு இருக்கு. எந்தக் கிலோமீட்டர்? நடந்து போற தொலைவுன்னே சொல்லியிருக்கு, நேர்கோடுன்னு இல்ல. நிலச்சரிவு, வெள்ளம், ரோடு இல்லாத கஷ்டமான இடம்னா, அந்த ஆபத்து வராத மாதிரி எல்லையை இன்னும் சுருக்கிப் பள்ளியை அமைக்கணும்னும் இருக்கு. மேப்புப்படி நாங்க ரெண்டு எல்லைக்குள்ளயும் ஜம்முனு உக்காந்திருக்கோம். மழை நாள்ல ரெண்டு எல்லைக்கும் வெளிய நிக்கிறோம். ஒரே வீடு, ஒரே பள்ளிக்கூடம்.

ஆகஸ்ட் 15 கிராம சபைக்கு மனுவைப் புதுசா எழுதுனோம். "மிகவும் சிரமப்படுகிறோம்"ங்கற வரியை எடுத்துட்டு மூணு எண் மட்டும் வச்சோம். நேர்கோட்டில் 400 மீட்டர். கோடையில் நடக்கும் தொலைவு 600 மீட்டர். மழையில் நடக்கும் தொலைவு 3,200 மீட்டர், நேரம் 48 நிமிடம். கீழே என் மக வரைஞ்ச படம், ஓடைக்கு நீலக் கலர், நேர்கோட்டுக்குப் புள்ளி புள்ளியா, சுத்துப் பாதைக்குச் சிவப்பு. படத்தைப் பாத்த ஒரு பெரியவர், "இது என்னடா, பாம்பு தவளையைச் சுத்துன மாதிரி இருக்கு"ன்னார். ஆனா தீர்மானம் நிறைவேறுச்சு. யாரும் எதிர்த்துப் பேசலை. எதிர்க்க அதுல என்ன இருக்கு, எண்தானே.

போன வாரம் டேப்போட ஒரு இன்ஜினியர் தம்பி வந்து ஓடையை அளந்துட்டுப் போயிருக்கார். கரைக்குக் கரை 11 மீட்டர். "மதிப்பீடு போட்டு அனுப்பறேன், அக்டோபர் 2 கிராம சபைக்குள்ள ஏதாவது தகவல் சொல்றேன்"னு சொன்னார். போகும்போது அவரே மேல் பாலம் வழியா ரோட்டுல நடந்து பாத்துட்டுத்தான் போனார். நாங்க கேக்கலை, அவராவே நடந்தார்.

ஐப்பசி மழை அதுவரைக்கும் காத்திருக்குமான்னு தெரியாது. மச்சான் தோட்டத்துல ஆடிக் காத்துல விழுந்த சில்வர் ஓக் மரம் ரெண்டு கிடக்கு, மிளகுக்கொடி எல்லாம் பிரிச்சு எடுத்தாச்சு. ரெண்டும் 13 மீட்டருக்குக் குறையாது. வர்ற ஞாயித்துக்கிழமை அதை ஓடை மேல போட்டு, குறுக்கால பலகை அடிச்சு, கைப்பிடிக்கு ரெண்டு பக்கமும் கயிறு கட்டலாம்னு பேசி வச்சிருக்கோம். தூக்கறதுக்கு இருபது ஆளாவது வேணும். பக்கத்துல இருக்கறவங்க வாங்க, காலைக் கஞ்சிக்கு எங்க வீட்ல சொல்லியாச்சு. வடம் வச்சிருக்கறவங்க மறக்காமக் கொண்டாங்க.